பென்சிலைத் திருப்பிக் கோணங்களைக் கற்பது எப்படி

ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு அளவுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். பாகைமானி இருந்தால் பக்கத்தில் இருக்கட்டும், அதற்கு இன்று அதிக வேலை இல்லை.

பள்ளியில் எனக்குக் கோணங்களை விதிகளாகத்தான் சொல்லித் தந்தார்கள். குத்தெதிர்க் கோணங்கள் சமம், ஒத்த கோணங்கள் சமம், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று பாட்டுப் போல ஒப்பிப்போம். எட்டாம் வகுப்புத் தேர்வில் அதே படத்தைத் திருப்பி, இணைகோடுகளை நெட்டுக்குத்தாக வரைந்து கொடுத்துவிட்டார்கள். விதிகள் எல்லாம் நினைவில் இருந்தன. ஆனால் எந்தக் கோணம் எதற்கு ஒத்தது என்று படத்தில் பார்க்கத் தெரியவில்லை. ஒரு பக்கம் முழுக்க வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் என் அக்கா மேசைமேல் ஒரு பென்சிலைப் படுக்கவைத்தாள். அதன் அடிமுனையை விரலால் அழுத்திக்கொண்டு, கூர்முனையை மெல்லத் திருப்பினாள். "கோணம்னா இதுதான். எவ்வளவு திரும்புச்சுன்னு மட்டும் பாரு" என்றாள். இப்போது நான் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு வருடமும் அந்தப் பென்சிலில்தான் தொடங்குகிறேன். முக்கோணம், நாற்கரம், வட்டம் என்று எங்கே போனாலும் கோணங்களுக்கு இடையே உள்ள உறவு எல்லாம் ஒரு திருப்பத்தை இன்னொரு திருப்பத்தோடு ஒப்பிடுவதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் செய்ய மிகக் கொஞ்சமே மிஞ்சும்.

முதலில் திருப்பம்

தாளில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து இரண்டு கோடுகள் இழுங்கள். பென்சிலை முதல் கோட்டின்மேல் வைத்து, புள்ளியை அச்சாகக் கொண்டு இரண்டாவது கோட்டுக்குத் திருப்புங்கள். அந்தத் திருப்பத்தின் அளவுதான் கோணம். கோடுகளை நீட்டினாலும் குறைத்தாலும் திருப்பம் மாறாது. பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு இதுதான்: நீளமான கோடுகளால் வரைந்த கோணத்தைப் பெரியது என்று சொல்வார்கள். அப்போது அறைக் கதவையும் அலமாரிக் கதவையும் ஒரே அளவு திறந்து காட்டுவேன். கதவு பெரிதோ சிறிதோ, இரண்டும் திரும்பியது ஒரே அளவுதான்.

ஒரு முழுச் சுற்று 360 பாகை. இந்த எண் 60-ஐ அடிப்படையாக வைத்து எண்ணிய பாபிலோனியர் வழியாக வந்தது. வகுப்பதற்கு இதைவிடத் தோதான எண் கிடைப்பது அரிது. 360-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 24 இருக்கின்றன. அதனால்தான் பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று எல்லாமே முழு எண்ணாக வந்து நிற்கின்றன.

பாதிச் சுற்று 180 பாகை, அது நேர்கோணம். பென்சில் அதே கோட்டின்மேல் எதிர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருக்கும். கால் சுற்று 90 பாகை, அது செங்கோணம். 'ட' என்ற எழுத்தை அளவுகோல் வைத்து எழுதினால் கிடைப்பது அதுதான். செங்கோணத்துக்குக் குறைந்தால் குறுங்கோணம். செங்கோணத்தைத் தாண்டி நேர்கோணத்துக்குள் நின்றால் விரிகோணம். 180-ஐயும் தாண்டிவிட்டால் பின்வளை கோணம். பெயர்கள் இவ்வளவுதான், இவை தானாகப் பழகிவிடும்.

பாகைமானியைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. அதில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும், ஒன்று இடமிருந்து வலம், மற்றது வலமிருந்து இடம். 130 பாகைக் கோணத்தை 50 என்று படித்துவிடுவது அதனால்தான். அளப்பதற்கு முன் கோணத்தை ஒரு முறை கண்ணால் பாருங்கள். செங்கோணத்தைவிட விரிந்திருக்கிறதா, குறுகியிருக்கிறதா என்று முடிவு செய்தபிறகு எண்ணைப் படித்தால் இந்தத் தவறு வரவே வராது.

ஒரு கோட்டின்மேல், ஒரு புள்ளியைச் சுற்றி

ஒரு நேர்கோடு வரைந்து, அதன் நடுவில் ஒரு புள்ளியிலிருந்து மேல்நோக்கி இன்னொரு கோடு இழுங்கள். இப்போது இரண்டு கோணங்கள் இருக்கின்றன. பென்சிலை வலப்பக்கத்திலிருந்து நடுக்கோட்டுக்குத் திருப்புங்கள், அங்கிருந்து இடப்பக்கத்துக்குத் திருப்புங்கள். மொத்தம் பாதிச் சுற்று. அதனால் அந்த இரண்டின் கூடுதல் 180. ஒன்று 68 என்றால் மற்றது 112. நடுவில் ஒரு கோட்டுக்குப் பதில் நான்கு கோடுகள் இழுத்தாலும், எல்லாத் துண்டும் சேர்ந்து 180-தான். புள்ளியை முழுக்கச் சுற்றி வந்தால் 360.

கூடுதல் 180 ஆகும் இரண்டு கோணங்களை மிகைநிரப்புக் கோணங்கள் என்கிறோம். கூடுதல் 90 ஆனால் நிரப்புக் கோணங்கள். இவை ஒட்டியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தாளின் ஒரு மூலையில் 35 பாகையும் இன்னொரு மூலையில் 55 பாகையும் இருந்தாலும் அவை நிரப்புக் கோணங்கள்தான். எது 90, எது 180 என்று குழம்புகிறவர்களுக்கு நான் சொல்வது: 'மிகை' என்றால் அதிகம், அதிகமானது 180.

அப்புறம் குத்தெதிர்க் கோணங்கள். ஒரு கத்தரிக்கோலைத் திறந்து பாருங்கள். கைப்பிடிகள் எவ்வளவு விரிகின்றனவோ அவ்வளவே அலகுகளும் விரிகின்றன. அலகும் கைப்பிடியும் ஒரே இரும்பு, ஒன்று திரும்பினால் மற்றதும் அதே அளவு திரும்பித்தானே ஆகவேண்டும்? வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளில் எதிரெதிர்க் கோணங்கள் சமமாக இருப்பது இதனால்தான். எண்ணாலும் சரிபார்க்கலாம். ஒரு கோணம் 40 என்றால் பக்கத்துக் கோணம் 140. அதற்கும் பக்கத்தில் இருப்பது 180-லிருந்து 140 போக மீண்டும் 40. பழைய கிரேக்கக் குறிப்புகள் இதைக் கண்டறிந்த பெருமையைத் தேல்ஸுக்குத் தருகின்றன. அவர் வாழ்ந்தது கி.மு. 6-ஆம் நூற்றாண்டில்.

இணைகோடுகள்: எட்டுக் கோணம், இரண்டே அளவு

நான் தேர்வில் தடுமாறிய இடம் இது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகிறேன்.

இரண்டு இணைகோடுகள் வரையுங்கள். இரண்டையும் வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு கோடு இழுங்கள், அதன் பெயர் குறுக்குவெட்டி. பென்சிலைக் குறுக்குவெட்டியின்மேல் படுக்கவைத்து, மேலே உள்ள வெட்டுப்புள்ளியில் முதல் இணைகோட்டுக்குத் திருப்புங்கள். எவ்வளவு திரும்பியது என்று மனதில் வையுங்கள். மீண்டும் குறுக்குவெட்டிக்கு வந்து, பென்சிலைத் திருப்பாமல் அப்படியே கீழ் வெட்டுப்புள்ளிக்கு நகர்த்துங்கள். அங்கிருந்து இரண்டாவது இணைகோட்டுக்குத் திருப்புங்கள். இரண்டு இணைகோடுகளும் ஒரே திசையைப் பார்க்கின்றன, அதனால் திருப்பமும் அதே அளவுதான். இவைதான் ஒத்த கோணங்கள்.

மூலைமட்டத்தை அளவுகோலோடு ஒட்டிவைத்துச் சறுக்கி இணைகோடு வரைந்திருப்பீர்கள். அங்கே அளவுகோல்தான் குறுக்குவெட்டி. மூலைமட்டத்தின் கோணம் சறுக்கும்போது மாறுவதில்லை. மாறாத அந்தக் கோணம்தான் கோடுகளை இணையாக வைத்திருக்கிறது.

ஒத்த கோணம் தெரிந்துவிட்டால் மற்றவை தாமாக வரும். மேலே உள்ள கோணத்துக்கு ஒத்தது கீழே இருக்கிறது, அதற்குக் குத்தெதிராக இன்னொன்று இருக்கிறது. இப்படிக் கிடைக்கும் ஜோடிதான் ஒன்றுவிட்ட உட்கோணங்கள். குறுக்குவெட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று, இசட் எழுத்தின் இரண்டு மூலைகளிலும் இருப்பதைப் போல இருக்கும். ஒன்றுவிட்ட அண்ணன் என்கிறோமே, அந்த ஒன்றுவிட்டதுதான் இதுவும்: நேரே பக்கத்தில் இல்லை, ஆனால் உறவு உண்டு.

குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு உட்கோணங்களுக்கு 'ப' எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செங்குத்துக் கோடுகளும் இணைகோடுகள், அடிக்கோடு குறுக்குவெட்டி. உள்ளே இரண்டு செங்கோணங்கள், கூடுதல் 180. இப்போது அடிக்கோட்டை ஒருபக்கம் இறக்கிச் சாய்த்துப் பாருங்கள். ஒரு மூலை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு மற்ற மூலை குறுகுகிறது. கூடுதல் 180-லேயே நிற்கிறது.

சரி, இத்தனை பெயரையும் தேர்வு அவசரத்தில் எப்படி நினைவில் வைப்பது? நான் பிள்ளைகளை முதலில் எட்டுக் கோணங்களையும் மொத்தமாகப் பார்க்கச் சொல்வேன். எட்டில் நான்கு குறுகியவை, நான்கு விரிந்தவை. குறுகியவை நான்கும் ஒரே அளவு. விரிந்தவை நான்கும் ஒரே அளவு. ஒரு குறுகியதும் ஒரு விரிந்ததும் சேர்ந்தால் 180. ஒரு கோணம் 65 என்று கொடுத்திருந்தால், மற்ற ஏழும் 65 அல்லது 115 மட்டுமே. படத்தைச் சாய்த்தாலும் தலைகீழாக்கினாலும் இது மாறாது. குறுக்குவெட்டி நேர்குத்தாக வெட்டினால் எட்டுமே 90. பெயரைப் பிறகு காரணமாக எழுதிக்கொள்ளலாம், விடை முதலில் கைக்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இவை எல்லாம் கோடுகள் இணையாக இருந்தால் மட்டும்தான். படத்தில் இணைபோலத் தெரிவது போதாது. கணக்கில் சொல்லியிருக்க வேண்டும், அல்லது கோடுகள்மேல் அம்புக்குறி போட்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். இரண்டு கிடைமட்ட இணைகோடுகள். மேல்கோட்டின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி, கீழ்க்கோட்டின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி. மேல்புள்ளியிலிருந்து ஒரு கோடு வலப்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது, கீழ்ப்புள்ளியிலிருந்து ஒரு கோடு வலப்பக்கமாக ஏறுகிறது. இரண்டும் நடுவில் ஒரு முழங்கை போலச் சந்திக்கின்றன. மேலே, இணைகோட்டுக்கும் சாய்கோட்டுக்கும் இடையில் 35 பாகை. கீழே அதேபோல் 48 பாகை. முழங்கையில் உள்ள கோணம் எவ்வளவு?

பார்த்தவுடன் எந்த விதியும் பொருந்தாது. இணைகோடுகள் இரண்டையும் சேர்த்து வெட்டும் ஒரு கோடுகூடப் படத்தில் இல்லையே. அப்படியானால் நாமே ஒரு கோடு போட வேண்டியதுதான். முழங்கைப் புள்ளி வழியாக, இணைகோடுகளுக்கு இணையாக, மூன்றாவதாக ஒரு கோடு இழுங்கள். அது முழங்கைக் கோணத்தை இரண்டாக வெட்டுகிறது. மேல் துண்டும் 35 பாகைக் கோணமும் ஒன்றுவிட்ட உட்கோணங்கள், அதனால் மேல் துண்டு 35. அதே காரணத்தால் கீழ்த் துண்டு 48. மொத்தம் 83. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை. படத்தில் இல்லாத ஒரு கோட்டை நாமாகப் போடலாம் என்ற தைரியம் வந்தது அன்றுதான்.

முக்கோணத்துக்குள் பென்சில்

ஒரு பெரிய முக்கோணம் வரையுங்கள், பென்சிலைவிடப் பக்கங்கள் நீளமாக இருக்கட்டும். அடிப்பக்கத்தின் இடது முனைக்கு க, வலது முனைக்கு ச, உச்சிக்கு த என்று பெயர் வையுங்கள். பென்சிலை அடிப்பக்கத்தின்மேல் படுக்கவையுங்கள். அடிமுனை க-வில், கூர்முனை ச-வைப் பார்த்து. இப்போது க-வை அச்சாக வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், பென்சிலைக் கத பக்கத்துக்குத் திருப்புங்கள். கூர்முனை த-வைப் பார்க்கிறது. திருப்பாமல் மேலே நகர்த்தி, கூர்முனையை த-வில் நிறுத்துங்கள்.

அடுத்து கூர்முனையை விரலால் அழுத்திக்கொண்டு, அதே திசையில் அடிமுனையைத் தச பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். இது த கோணம். பென்சிலைக் கீழே நகர்த்தி, அடிமுனையை ச-வில் நிறுத்துங்கள். அங்கே மீண்டும் அதே திசையில் திருப்பினால் பென்சில் அடிப்பக்கத்துக்கே வந்து சேரும். இப்போது கூர்முனை எங்கே பார்க்கிறது? தொடங்கும்போது வலப்பக்கம் பார்த்தது, இப்போது இடப்பக்கம் பார்க்கிறது. மூன்று கோணங்களும் சேர்ந்து பென்சிலைப் பாதிச் சுற்று திருப்பியிருக்கின்றன. 180 பாகை.

இதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒல்லி முக்கோணம், அகல முக்கோணம், ஒரு பக்கம் சரிந்த முக்கோணம், எதில் செய்தாலும் பென்சில் தலைமாறி நிற்கும்.

காரணம் எழுத வேண்டும் என்றால் முழங்கைக் கணக்கில் செய்ததையே செய்யுங்கள். உச்சி த வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு. க கோணம் ஒன்றுவிட்டதாக மேலே ஒரு பக்கம் வந்து உட்காரும், ச கோணம் மறுபக்கம் வந்து உட்காரும், நடுவில் த. மூன்றும் ஒரே நேர்கோட்டின்மேல் வரிசையாக நிற்கின்றன. கையால் தொட்டுப் பார்க்க விரும்பினால் முக்கோணத்தை வெட்டி எடுத்து, மூன்று மூலைகளையும் கிழித்து ஒட்டிவையுங்கள்.

இது சமதளத்தில் மட்டுமே நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூமி உருண்டையில் வடதுருவத்திலிருந்து நேராக நிலநடுக்கோட்டுக்கு இறங்கி, அதன்வழியே உருண்டையில் கால் பங்கு நடந்து, மீண்டும் துருவத்துக்கு ஏறினால் மூன்று மூலையிலும் செங்கோணம். கூடுதல் 270. தாள் தட்டையாக இருப்பதுதான் நமக்கு 180-ஐத் தருகிறது.

அடுத்தது வெளிக்கோணம். அடிப்பக்கத்தை ச-வைத் தாண்டி நீட்டுங்கள். நீட்டிய கோட்டுக்கும் சத பக்கத்துக்கும் இடையில் இருப்பது வெளிக்கோணம். அது ச கோணத்தோடு சேர்ந்து 180. க-வும் த-வும் சேர்ந்தும் ச கோணத்தை 180-க்கு நிரப்புகின்றன. ஆகவே வெளிக்கோணம் க, த இரண்டின் கூடுதலுக்குச் சமம். இந்த உள்ளெதிர்க் கோண உறவைக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரியில் போடும் கணக்கை இது ஒரே வரியில் முடிக்கும், வட்டத்துக்குப் போகும்போது நமக்கு வேண்டியிருக்கும்.

இருசமபக்க முக்கோணத்தில் சமபக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம். தாளில் வெட்டி எடுத்துப் புரட்டிப் போடுங்கள், அதே இடத்தில் கச்சிதமாகப் பொருந்தும். 4-ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் இருந்த பாப்பஸ் தந்த நிரூபணம் கிட்டத்தட்ட இவ்வளவுதான்: முக்கோணத்தை அதன் பிரதிபிம்பத்தோடு ஒப்பிடு. சமபக்க முக்கோணத்தில் மூன்றும் சமம், ஆகவே ஒவ்வொன்றும் 60.

"ஒரு இருசமபக்க முக்கோணத்தில் ஒரு கோணம் 40 பாகை, மற்றவை என்ன?" என்று கேட்டால் பலர் 70, 70 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 40 உச்சியில் இருந்தால் அது சரி. அடியில் இருந்தால் மற்றவை 40, 100. எந்தக் கோணம் என்று சொல்லாதவரை இரண்டு விடையும் எழுத வேண்டும். ஆனால் கொடுத்த கோணம் 100 என்றால் ஒரே விடைதான், அடியில் இரண்டு 100 வந்தால் 180-ஐத் தாண்டிவிடுமே.

நாற்கரமும் அதற்கு மேலும்

நாற்கரத்தில் ஒரு மூலைவிட்டம் இழுத்தால் இரண்டு முக்கோணம், அதனால் 360. இணைகரத்தில் எதிர்க்கோணங்கள் சமம், அடுத்தடுத்த கோணங்களின் கூடுதல் 180. இது நாம் பார்த்த சாய்ந்த 'ப' தவிர வேறில்லை. சரிவகத்தில் ஒரு ஜோடிப் பக்கங்கள் மட்டும் இணை, அதனால் அந்த இணைப்பக்கங்களை இணைக்கும் பக்கத்தின் இரு முனைக் கோணங்களுக்கு மட்டும் 180. செவ்வகம், சதுரம், சாய்சதுரம் எல்லாம் இணைகரத்தின் வகைகள், தனித்தனியாகப் படிக்க வேண்டாம்.

பக்கங்கள் கூடக்கூட ஒரு மூலையிலிருந்து இழுக்கும் முக்கோணங்களும் கூடும்: ஐங்கோணத்தில் 3, அறுங்கோணத்தில் 4. பக்க எண்ணிக்கையில் 2-ஐக் கழித்து 180-ஆல் பெருக்கினால் உட்கோணங்களின் கூடுதல். இது எல்லாரும் சொல்லித் தருவதுதான். எனக்கு இதைவிடப் பிடித்த வழி நடந்து பார்ப்பது.

தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு பெரிய ஐங்கோணம் வரைந்து, அதன் ஓரமாக நடங்கள். ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் திரும்புகிறீர்கள். தொடங்கிய இடத்துக்கு வந்து, தொடங்கியபோது பார்த்த அதே திசையைப் பார்த்து நிற்கும்போது, நீங்கள் ஒரு முழுச் சுற்று திரும்பியிருக்கிறீர்கள். வெளிக்கோணங்களின் கூடுதல் 360. மூன்று பக்கமானாலும் முப்பது பக்கமானாலும் இதே 360-தான். உள்நோக்கி மடிந்த மூலை இருந்தால் அங்கே எதிர்த்திசையில் திரும்புவீர்கள், அந்தத் திருப்பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்கு பலகோணத்துக்கு இது மிக வசதி. ஐங்கோணத்தில் ஒவ்வொரு திருப்பமும் 360-ஐ 5-ஆல் வகுத்து 72, ஆகவே உட்கோணம் 108. அறுங்கோணத்தில் திருப்பம் 60, உட்கோணம் 120. ஒரு புள்ளியைச் சுற்றி மூன்று அறுங்கோணங்களை இடைவெளியில்லாமல் வைக்கலாம், 120-ஐ மூன்று முறை கூட்டினால் 360. தேன்கூட்டில் காண்பது அந்த அடுக்குதான். மூன்று ஐங்கோணங்களை வைத்தால் 324, மிச்சம் 36 பாகை இடைவெளி விழும். ஒரு புள்ளியைச் சுற்றி 360 சரியாக நிரம்புகிறதா என்பதுதான் எந்த ஓடு தரையை மூடும், எது மூடாது என்று பார்க்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே வகை ஒழுங்கு பலகோணத்தால் மட்டும் மூட வேண்டும் என்றால் முக்கோணம், சதுரம், அறுங்கோணம் மூன்றும்தான் தேறும்.

கணினியில் ஆமையை நகர்த்திப் படம் வரையும் லோகோ நிரல்மொழியில் பிள்ளைகள் சமபக்க முக்கோணம் வரையப் போனால், 60 பாகை திரும்பு என்றுதான் முதலில் எழுதுவார்கள். ஆமை அறுங்கோணத்தின் பாதியை வரைந்துவிட்டு நிற்கும். ஆமை திரும்புவது வெளிக்கோணம், அது 120. இந்தத் தவறை நான் திருத்துவதே இல்லை. ஆமையைப் போல எழுந்து நட என்று சொல்லிவிடுவேன், இரண்டாவது மூலையில் அவர்களே நின்று யோசிப்பார்கள்.

கணக்கை எழுதும் விதம்

ஒரு சிக்கலான படம் வந்தால் கேட்ட கோணத்தையே வெறித்துப் பார்க்காதீர்கள். தெரிந்த கோணத்தில் தொடங்கி, அதன் பக்கத்தில் என்ன கிடைக்கிறது, குத்தெதிரில் என்ன கிடைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படத்திலேயே எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: குத்தெதிர், ஒத்த, நேர்கோடு, முக்கோணம். காரணம் எழுத வரவில்லை என்றால் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். படத்தில் 90 போலத் தெரிந்தது என்பது காரணம் ஆகாது. பல படங்கள் அளவுப்படி வரைந்தவை இல்லை, 88 பாகையும் 90 பாகையும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கடைசியாக வட்டம்

கவராயத்தால் ஒரு வட்டம் வரைந்து மையத்துக்கு ம என்று பெயர் வையுங்கள். பரிதியில் கீழே க, ச என்று இரண்டு புள்ளிகள், மேலே த என்று ஒரு புள்ளி. ம-விலிருந்து க-வுக்கும் ச-வுக்கும் கோடு. த-விலிருந்தும் அதே இரண்டு புள்ளிகளுக்குக் கோடு. மையத்தில் உள்ள கோணம் த-வில் உள்ளதைப்போல் சரியாக இரண்டு மடங்கு.

ஏன் என்று பார்க்க, த-விலிருந்து ம வழியாக ஒரு கோடு இழுத்து நீட்டுங்கள். மத, மக இரண்டும் ஆரம், அதனால் இடப்பக்கம் ஒரு இருசமபக்க முக்கோணம். அதில் த-வில் 25 என்றால் க-விலும் 25. ம-வில் வெளிக்கோணம் அந்த இரண்டின் கூடுதல், 50. வலப்பக்கமும் அப்படியே: த-வில் 30 என்றால் மையத்தில் 60. சேர்த்துப் பாருங்கள், த-வில் 55, மையத்தில் 110. த-வைப் பரிதியின் அந்தப் பெரிய வில்லில் எங்கே நகர்த்தினாலும் மையக்கோணம் மாறுவதில்லை, ஆகவே த-வில் உள்ள கோணமும் மாறுவதில்லை.

வட்டத்துக்குள் ஒரு நாற்கரத்தின் நான்கு மூலைகளும் பரிதியைத் தொட்டால் எதிர்க்கோணங்களின் கூடுதல் 180. அவற்றின் மையக்கோணங்கள் சேர்ந்து 360, அதில் பாதி.

கசவை விட்டமாக வைத்துவிட்டால் மையத்தில் 180. அப்படியானால் பரிதியில் எங்கே நின்றாலும் 90. இது தேல்ஸின் பெயரால் வழங்கும் தேற்றம். இதை வீட்டிலேயே ஒரு வேலைக்குப் பயன்படுத்தலாம். ஒரு வட்ட மூடியை எடுத்துத் தாள்மேல் வைத்து ஓரத்தைச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். மையம் எங்கே என்று தெரியாது. இன்னொரு தாளின் மூலையை, அது செங்கோணம்தானே, வட்டத்தின் ஓரத்தில் தொடும்படி வையுங்கள். தாளின் இரண்டு விளிம்புகளும் வட்டத்தை வெட்டும் இரண்டு இடங்களிலும் புள்ளி வைத்து, அவற்றை நேர்கோட்டால் இணையுங்கள். பரிதியில் 90 பாகை இருக்கிறது என்றால் அந்தக் கோடு விட்டம். தாளின் மூலையை வட்டத்தின் வேறொரு இடத்துக்கு நகர்த்தி இன்னொரு முறை செய்யுங்கள். முதல் இடத்திலிருந்து வட்டத்தில் கால் பங்கு தள்ளி வைத்து, தாளையும் அந்த அளவுக்குத் திருப்பினால் இரண்டு கோடுகளும் நன்றாகக் குறுக்கே வெட்டும், வெட்டும் புள்ளியான மையம் துல்லியமாகக் கிடைக்கும். அங்கே கவராயத்தின் ஊசியை வைத்து, முனையை ஓரம்வரை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.